சீனர்களின் மூச்சுப் பயிற்சி வைத்தியம்: நமக்கு எவ்வளவு பயன், எங்கே எச்சரிக்கை?

கெலாங் பாத்தா வட்டாரத்தில் நாமும் சீனர்களும் அக்கம்பக்கமாக வாழ்வது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 1840-களிலிருந்தே ஜொகூரின் ஆற்றோரங்களில் காம்பிரும் மிளகும் பயிரிடச் சீனர்கள் வந்து இறங்கினார்கள். பின்னால் ரப்பர் வந்தபோது நம் முன்னோர்கள் வந்தார்கள். அவர்களுடைய மளிகைக் கடையில் நாம் பற்று வைத்தோம். கை பிசகினால் அவர்களுடைய சின்சேயிடம் போய்த் தைலம் போட்டு உருவிக்கொண்டோம். ஆனாலும் அவர்களுடைய வைத்தியத்தில் நமக்குச் சரியாகத் தெரியாத ஒரு பகுதி உண்டு. அதுதான் 'சிகோங்' என்ற மூச்சுப் பயிற்சி. ஹொக்கியன் பேசுகிறவர்கள் இதைக் 'கிகாங்' என்பார்கள்.

விடியற்காலையில் பட்டணத்துத் திடல்களில் வயதான சீனர்கள் வரிசையாக நின்று கைகளை மெல்லத் தூக்குவதும் இறக்குவதுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். “வேற வேலை இல்லாதவங்க” என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. இன்னொரு பக்கம், “மாத்திரையே வேணாம், மூச்சை இழுத்து விட்டா இனிப்பு நீரும் போயிடும், இரத்தக் கொதிப்பும் போயிடும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. முதலாமவர் இழப்பது ஒரு நல்ல பழக்கத்தை. இரண்டாமவர் இழப்பது காலையோ, கண்ணையோ, உயிரையோ! ஆகவே இந்த விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிடுவது நல்லது.

சிகோங் என்றால் என்ன?

'சி' என்றால் மூச்சு, காற்று, உயிர்ச்சக்தி. 'கோங்' என்றால் நாள்பட்ட உழைப்பால் கைவரும் திறமை. மூச்சைப் பழக்கிப் பெறும் திறமை என்று பொருள் கொள்ளலாம்.

சீன வைத்தியத்தின் கருத்துப்படி, உடம்புக்குள் 'சி' என்னும் சக்தி பல பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் சீராக இருந்தால் ஆரோக்கியம். எங்காவது தேங்கினால் நோய். தேங்கியதை ஓட வைக்க அவர்கள் மூலிகை கொடுப்பார்கள், ஊசி குத்துவார்கள், உருவி விடுவார்கள், உணவில் பத்தியம் சொல்வார்கள். இவற்றோடு நோயாளியே செய்துகொள்ள வேண்டிய பயிற்சியாகச் சொல்லிக் கொடுப்பதுதான் சிகோங். அதில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கும்: உடம்பை மெல்ல அசைப்பது, மூச்சை நிதானமாக விடுவது, மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது. மனத்தை நிறுத்தும் இடம் பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே உள்ள அடிவயிறு.

நமக்கு இது புதுக் கதையல்ல. திருமூலரின் திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. போகர் சித்தர் சீன நாட்டோடு தொடர்புடையவர் என்று நம் சித்தர் மரபும் சொல்கிறது. அது மரபுக் கதை; சரித்திரச் சான்று என்று சொல்ல முடியாது. ஆனால் மூச்சைக் கட்டி ஆள வேண்டும் என்ற எண்ணம் இரண்டு இனத்துக்கும் பொதுவானது.

எவ்வளவு பழமையானது?

1973-ஆம் ஆண்டு சீனாவின் சாங்ஷா நகருக்கு அருகில் மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டுத் துணியில் வரைந்த ஒரு படம் கிடைத்தது. ஆணும் பெண்ணுமாக 44 பேர் கையை நீட்டியும், குனிந்தும், நிமிர்ந்தும் பயிற்சி செய்கிறார்கள். ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான பழக்கம் இது என்பதில் சந்தேகமில்லை. பின்னர் ஹுவா துவோ என்ற வைத்தியர் புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைப் பார்த்து ஒரு பயிற்சி அமைத்தார் என்பார்கள். 'எட்டுத் துண்டுப் பட்டு' என்று பொருள்படும் 'பாதுவான்ஜின்' இன்று உலகமெங்கும் பழகப்படுகிறது. சீன அரசின் விளையாட்டுத் துறை 2003-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட நான்கு பயிற்சிகளில் அதுவும் ஒன்று.

இங்கே போதிதர்மர் பெயரையும் சொல்ல வேண்டும். 2011-இல் வந்த '7ஆம் அறிவு' படத்துக்குப் பிறகு, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்தான் சீனர்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார் என்று நம் பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு கூறுகிறது. இன்னொரு குறிப்போ அவரைப் பாரசீகர் என்கிறது. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. மாவாங்துய் பட்டுப் படமோ போதிதர்மர் காலத்துக்கு ஆறேழு நூற்றாண்டு முந்தியது. நமக்குப் பெருமை சேர்க்க எத்தனையோ உண்மைகள் இருக்கின்றன. இதை நாம் இழுத்துக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் வந்த கதை

பழைய பயிற்சிகள் 'சிகோங்' என்ற ஒரே பெயரில் வைத்தியமாக ஆனது 1950-களில்தான். அதற்குக் காரணமானவர் ஒரு பெரிய டாக்டர் அல்ல. ஹெபெய் மாநிலத்தைச் சேர்ந்த லியூ குய்ஜன் என்ற சாதாரண எழுத்தர். வயிற்றுப்புண்ணால் உடம்பு இளைத்துத் தூக்கம் கெட்டு, 1947-இல் வேலையிலிருந்து விடுப்பில் ஊருக்குப் போனார். அங்கே ஒரு பெரியவர் அவருக்கு உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் மூச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். ஏறக்குறைய நூறு நாளில் உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினார். கட்சி மேலிடம் இதைக் கவனித்தது. அப்போது சீனாவில் டாக்டர்களும் குறைவு, மருந்தும் குறைவு. காசு செலவில்லாத வைத்தியம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 1956-இல் பெய்தாய்ஹே கடற்கரையில் சிகோங் சிகிச்சை நிலையம் செயல்படத் தொடங்கியது. 1957-இல் லியூவின் புத்தகம் வெளிவந்தது.

1960-களின் நடுவில் அரசியல் காற்று திசை மாறியது. பழைய மூடப்பழக்கம் என்று சொல்லி நிலையத்தை மூடினார்கள். லியூவை உடலுழைப்புப் பண்ணைக்கு அனுப்பினார்கள். 1980 வாக்கில் மறுபடி கதவு திறந்தது. 1985-இல் ஷாங்ஹாயில் சிகோங் ஆராய்ச்சிக் கழகமே அமைந்தது.

இந்தக் கதையைத் தொழிலாளர்களாகிய நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். லியூவுக்கு அந்த நூறு நாளும் கிடைத்தது மூச்சுப் பயிற்சி மட்டுமா? விடுப்பு கிடைத்தது. ஓய்வு கிடைத்தது. கவலையில்லாமல் படுக்க நேரம் கிடைத்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மேலும், வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று 1980-களில் ஆஸ்திரேலியாவின் இரண்டு டாக்டர்கள் காட்டினார்கள். அதற்காக 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இன்று அந்தப் புண்ணைச் சில வார மாத்திரையில் ஆற்றிவிடலாம். ஒருவர் குணமானார் என்பதால் அந்த வைத்தியம் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது.

இரண்டு வகை: ஒன்றை நம்பலாம், ஒன்றில் ஏமாறலாம்

முதல் வகை, நாமே பழகுவது. சொல்லிக்கொடுப்பவர் சில நாள் சொல்லிக்கொடுப்பார்; பிறகு நம் கை, நம் மூச்சு.

இரண்டாவது வகை, 'மாஸ்டர்' எனப்படுபவர் தம் உள்ளங்கையிலிருந்து சக்தியை அனுப்பி நோயாளியைத் தொடாமலே குணப்படுத்துவதாகச் சொல்வது. 1978-79-இல் இந்தச் சக்தியைக் கருவி வைத்து அளந்துவிட்டோம் என்று சீனாவில் அறிவித்தார்கள். அதன் பிறகு நாடெங்கும் ஒரு மோகம் கிளம்பியது. அரங்கம் நிறையக் கூட்டம் சேர்த்து நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்கள் பெருகினார்கள்.

1988-இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு சீனாவுக்குப் போய் இதைச் சோதித்தது. மாஸ்டரையும் நோயாளியையும் வெவ்வேறு அறையில் வைத்தார்கள். மாஸ்டர் எப்போது சக்தி அனுப்புகிறார் என்பது நோயாளிக்குத் தெரியாது. நோயாளியின் உடம்பு நெளிந்தது உண்மைதான். ஆனால் மாஸ்டர் சக்தி அனுப்பிய நேரத்துக்கும் இவர் நெளிந்த நேரத்துக்கும் பொருத்தமே இல்லை! நம்பிக்கைதான் உடம்பை ஆட்டியது.

எனவே சகோதர சகோதரிகளே, உங்கள் மீது கை வீசுவதற்காக யாராவது வெள்ளி கேட்டால் கொடுக்காதீர்கள். நாள் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு காற்றைக் கொடுப்பவர் எந்த இனத்தவராக இருந்தாலும் அது வைத்தியமல்ல, வியாபாரம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிகோங், ஒரு பிரிவுக்கு வரிசை நடனம், மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 8 வாரம் நடந்தது. 2014-இல் முடிவு வெளியானது. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிடச் சிகோங் பழகியவர்களின் வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்திருந்தது. ஆனால் அசதியும் மனவேதனையும் குறைந்ததாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. கவனியுங்கள்: இந்தப் பெண்கள் அறுவையையும் மருந்தையும் விட்டுவிட்டுச் சிகோங் செய்யவில்லை. அந்தச் சிகிச்சையைப் பெற்ற பிறகுதான் செய்தார்கள்.

சிகோங்கின் உறவான 'தாய்ச்சி' பயிற்சியை மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி உள்ள 204 பேரிடம் அமெரிக்காவில் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். 12 வாரத்தில் அது ஆஸ்பத்திரி உடற்பயிற்சிச் சிகிச்சைக்குச் சமமாக வலியைக் குறைத்தது. இரத்தக் கொதிப்பு பற்றியும் பல ஆய்வுகள் உண்டு. சும்மா இருப்பவர்களைவிடப் பயிற்சி செய்பவர்களுக்கு அழுத்தம் ஓரளவு குறைகிறது. ஆனால் பல ஆய்வுகள் சிறியவை, குறையுள்ளவை. மருந்தின் இடத்தில் இதை வைக்கலாம் என்று சொல்லப் போதுமானவை அல்ல.

எப்படி உதவுகிறது? பெரியவர் ஒருவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். அதை மெல்ல மெல்லக் குறைத்து நீளமாக விட்டால், உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு வேலை செய்கிறது, இதயத் துடிப்பு தணிகிறது, இறுகிய தசை இளகுகிறது, தூக்கம் வருகிறது. 'சி' என்ற சக்தியை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இது ஒரே மாதிரிதான் நடக்கும்.

“காலையிலேர்ந்து ஓடுறோம், இதுல உடற்பயிற்சி வேறயா?”

நியாயமான கேள்விதான். சீனர்களின் மிகப் பழைய வைத்திய நூலான 'மஞ்சள் பேரரசர் நூல்' கூட, பலவகை உணவு உண்டு உடம்பால் உழைக்காத மக்களின் நோய்க்குத்தான் இந்த வகைப் பயிற்சியைச் சொல்கிறது. உழைத்து அலுத்தவனுக்கு எதற்கு?

பதில் இதுதான். நம் வேலை உடம்பு முழுவதையும் சமமாக அசைப்பதில்லை. ஒரே பக்கத்தையே போட்டு வாட்டுகிறது. பால் வெட்டுகிறவர் நூற்றுக்கணக்கான மரத்துக்குக் குனிந்து குனிந்து ஒரே கையால் கத்தி பிடிக்கிறார். செம்பனைப் பழம் வெட்டுகிறவர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு மணிக்கணக்கில் அண்ணாந்து பார்க்கிறார். 20 கிலோவுக்கும் மேலான குலையைத் தூக்கி வண்டியில் போடுகிறார். உதிரிப் பழம் பொறுக்கும் நம் பெண்கள் குனிந்த இடுப்பை நிமிர்த்த நேரமில்லை. மருந்து அடிப்பவருக்குத் தோளில் தோம்பு. இப்படி இறுகிப்போன உடம்பை எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பி இளக்குவதற்குத்தான் இந்தப் பயிற்சி. அவசரமில்லை, மூச்சு வாங்காது, வியர்க்காது.

எட்டுப் பயிற்சியில் நமக்கு ஏற்ற நான்கு

1. வானத்தைத் தாங்குதல்: கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நிற்கவும். இரு கை விரல்களையும் கோத்து, மூச்சை உள்ளிழுத்தபடி தலைக்கு மேலே தூக்கி உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பவும். மூச்சை விட்டபடி இரு கைகளையும் பக்கவாட்டில் இறக்கவும். குனிந்த இடுப்புக்கும் முதுகுக்கும் நல்லது.

2. வில் வளைத்தல்: கால்களை அகட்டி முழங்காலைச் சற்று மடக்கவும். இடக்கையை நீட்டி, வலக்கையால் நாணை இழுப்பதுபோல் மார்புவரை இழுக்கவும். பிறகு கை மாற்றவும். ஒரே கையால் வேலை செய்பவர்களின் தோளுக்கு இது ஏற்றது.

3. திரும்பிப் பார்த்தல்: கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்று, இடுப்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் மெல்ல இடப்பக்கம் திருப்பிப் பின்னால் பார்க்கவும், பின் வலப்பக்கம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்தவர்களுக்கு. வெடுக்கென்று திருப்பக் கூடாது.

4. குதிகால் தட்டுதல்: குதிகாலைத் தூக்கி விரல்களில் நின்று, மூச்சை விட்டபடி மெல்லக் கீழே இறக்கவும். ஏழு முறை போதும். கால் தள்ளாடுபவர்கள் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்றையும் பக்கத்துக்கு ஆறு முறை செய்தால் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடியும். பெரட்டுக்கு முன்னாலோ, வேலை முடிந்து குளித்த பிறகோ செய்யலாம். இரவில் தூக்கம் வராதவர்கள் மல்லாந்து படுத்து அடிவயிற்றில் கை வைத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைச் சற்று நீளமாக்கிப் பாருங்கள். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம். மருந்து அடித்த காட்டிலும், புகைமூட்டம் உள்ள நாளில் வெளியிலும் ஆழ மூச்சு இழுக்க வேண்டாம்.

இவற்றை மறக்கவே கூடாது

2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அதாவது, லயத்தில் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களில் மூவர். இந்த நிலையில் மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தப் பேச்சும் நம் குடும்பங்களுக்கு ஆபத்து.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது. பயிற்சியால் உடம்பு தேறியதாகத் தோன்றினால் கிளினிக்கில் அளந்து பார்க்கட்டும்; குறைப்பதா வேண்டாமா என்று அவர்கள் சொல்வார்கள். இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு பயிற்சி செய்யாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு புல்லில் நிற்காதீர்கள். மயக்கம் வந்தால் உட்கார்ந்துவிடுங்கள்.

நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல்: இவை வந்தால் மூச்சுப் பயிற்சி, உருவுதல், விபூதி எதற்கும் காத்திருக்காமல் உடனே 999-க்குப் போன் செய்யுங்கள்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மணிக்கணக்கில் கண்ணை மூடித் தனியே இந்தப் பயிற்சியில் இறங்கக் கூடாது. அளவு மீறிச் செய்து சித்தம் கலங்கியவர்கள் சீனாவில் இருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-இல் வெளியிட்ட கைநூலிலேயே இது குறிக்கப்பட்டிருக்கிறது.

எங்கே போவது?

பாரம்பரிய வைத்தியம் செய்பவர்களை ஒழுங்குபடுத்த நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் 775-ஆம் சட்டம் இருக்கிறது. சீன வைத்தியரிடம் போவதானால் அவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை. ஜொகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியிலேயே 2008 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இயங்கி வந்திருக்கிறது. ஊசி வைத்தியமும் மலாய் முறை உருவுதலும் அங்கே டாக்டரின் சீட்டோடு கிடைக்கும் சிகிச்சைகள். ஆகவே முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. வேலையில் இடுப்பு பிடித்தாலோ, விழுந்து அடிபட்டாலோ “ரெண்டு நாள் மூச்சுப் பயிற்சி செஞ்சா சரியாயிடும்” என்று வீட்டிலேயே படுத்துவிடாதீர்கள். அன்றே மண்டோரிடம் சொல்லிக் கிளினிக்கில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு தொடங்கி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. பக்கத்தில் வேலை செய்யும் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கெலாங் பாத்தாவைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. இடம் மாறினாலும் உழைத்த உடம்பின் வலி நம்மோடுதான் வருகிறது. அந்த உடம்புக்குத் தினம் பத்து நிமிஷம் கொடுப்பது வீண்செலவல்ல. சீன அண்டை வீட்டாரிடம் இதைக் கற்றுக்கொள்வதிலும் வெட்கமில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சி மாத்திரைக்கு ஈடாகாது. ஓய்வுக்கும் விடுப்புக்கும் நியாயமான சம்பளத்துக்கும் அது ஈடாகாது. மூச்சு நம்முடையது; அதை நாமே பேணுவோம். மருந்தை டாக்டர் சொன்னபடி எடுப்போம். உரிமையைச் சங்கத்தின் வழியாகக் கேட்டுப் பெறுவோம்.